கொரியாவில் வேலை பார்ப்பவர்கள் கொரியன் பேசப் பழகுவது எப்படி? தமிழ் வழியாக ஒரு செய்முறை

இலங்கையிலிருந்து இ-9 என்ற தொழிலாளர் விசாவில் கொரியாவுக்கு வருபவர்கள் யாரும் மொழி தெரியாமல் வருவதில்லை. 2004 இல் தொடங்கிய வேலை அனுமதித் திட்டத்தில் வர வேண்டுமென்றால் மொழித் தேர்வில் தேறியாக வேண்டும். ஆனால் அந்தத் தேர்வு கேட்பதையும் வாசிப்பதையும்தான் சோதிக்கிறது. அதனால் நல்ல மதிப்பெண் எடுத்தவர்கூட முதல் நாள் தொழிற்சாலையில் வாயைத் திறக்கத் தயங்குகிறார். தமிழ்நாட்டிலிருந்து ஆராய்ச்சிக்கும் கம்பெனி வேலைக்கும் வருபவர்கள் கதை வேறு. ஆய்வகத்தில் ஆங்கிலத்தை வைத்துச் சமாளித்துவிடலாம். தண்ணீர்க் குழாய் உடைந்தால் வீட்டுக்கார அம்மாவிடம் கொரியனில்தான் சொல்லியாக வேண்டும்.

இரண்டு தரப்புக்கும் நான் சொல்வது ஒன்றுதான்: ஆங்கிலத்தை நடுவில் கொண்டு வராதீர்கள். பெரும்பாலான ஆப்களும் பாடப்புத்தகங்களும் ஆங்கிலம் வழியாகவே சொல்லித் தருகின்றன. அதனால் தமிழர்களுக்குச் சுலபமாக வர வேண்டிய விஷயங்கள்கூட மலைப்பாகத் தெரிகின்றன.

முதல் படி: எழுத்து

ஹங்குல் எழுத்தை மன்னர் சேஜோங் 1443 இல் உருவாக்கி 1446 இல் வெளியிட்டார். அடிப்படை மெய் 14, உயிர் 10. மெய்யும் உயிரும் சேர்ந்து ஒரே கட்டமாக நிற்கும். உயிர்மெய் பழகிய நமக்கு இது புதிதல்ல. ஒரு வார இறுதி உட்கார்ந்தால் எழுத்துக்கூட்டி வாசிக்கும் அளவுக்கு வந்துவிடும். அப்புறம் பேருந்தில் போகும்போது கடைப் பலகைகளை வாய்விட்டுப் படியுங்கள்.

இந்தப் பதிவில் கொரியனைத் தமிழ் எழுத்தில் எழுதியிருப்பது உங்களுக்கு ஒரு பிடி கிடைப்பதற்காக மட்டுமே. உங்கள் நோட்டில் ஹங்குலில் எழுதுங்கள். தமிழில் எழுதிப் பழகினால் ஒரு மாதத்தில் உச்சரிப்பு கெட்டுப்போகும், பிறகு திருத்துவது பெரும் பாடு.

இரண்டாம் படி: ஒலி

'பால்' என்பதில் வரும் ப ஒரு மாதிரி, 'கம்பு' என்பதில் வரும் ப வேறு மாதிரி. எழுத்து ஒன்று, இடத்தைப் பொறுத்து ஒலி மாறும். கொரியனிலும் க, த, ப வகை எழுத்துகள் இப்படித்தான் நடந்துகொள்கின்றன. ஆங்கிலம் வழியாகப் படிப்பவர் இதற்கு விதி மனப்பாடம் செய்கிறார். நம் நாக்குக்கு அது ஏற்கெனவே தெரியும்.

அழுத்தமான ஒலிகளும் அப்படியே. கொரியனிலும் அப்பாவுக்கு 'அப்பா'தான். அந்த 'ப்ப' ஒலியிலேயே தொடங்கும் சொற்களும் உண்டு, அங்கேதான் சிக்கல். மனதுக்குள் 'அப்பா' சொல்லத் தொடங்கி, 'அ'வை விழுங்கிவிட்டு மீதியைச் சொல்லுங்கள். தொழிற்சாலையில் நாள் முழுக்கக் கேட்கும் 'ப்பல்லி' (சீக்கிரம்) இப்படித்தான் வாயில் வரும்.

'உ' மாதிரி இருந்தும் 'உ' இல்லாத ஓர் உயிர் கொரியனில் இருக்கிறது. ஐரோப்பியர்கள் அதற்குத் திண்டாடுவார்கள். 'காது', 'பாட்டு' என்று சொல்லும்போது கடைசியில் உதடு குவியாமல் ஒரு உகரம் வருகிறதே, நம் குற்றியலுகரம், அதுதான். பஸ்ஸை நாம் 'பஸ்ஸு' என்கிற மாதிரி கொரியர்கள் 'பொஸு' என்கிறார்கள்.

நாம் மெனக்கெட வேண்டியது இரண்டில்தான். ஒன்று, மூச்சை வெளியே தள்ளிச் சொல்லும் ஒலிகள். வாய்க்கு முன்னால் மெல்லிய காகிதத்தைப் பிடித்துக்கொண்டு 'கொபி' (காப்பி) என்று சொல்லுங்கள், காகிதம் ஆட வேண்டும். இன்னொன்று, இந்தப் பதிவில் 'ஒ' என்று எழுதியிருக்கும் உயிர். அதற்கு உதட்டைக் குவிக்கக் கூடாது. 'ஓ' வந்தால் குவிக்க வேண்டும்.

மூன்றாம் படி: தமிழ் வாக்கியத்தை அப்படியே அடுக்குங்கள்

'நேயில் கோங்ஜாங்ஏ கயோ.' நேயில் என்றால் நாளை, கோங்ஜாங் தொழிற்சாலை, ஏ நம் 'க்கு', கயோ 'போகிறேன்'. நாளை தொழிற்சாலைக்குப் போகிறேன். வரிசை மாறவில்லை, உருபு சொல்லுக்குப் பின்னால் ஒட்டுகிறது, 'நான்' என்று தனியாகச் சொல்லவும் தேவையில்லை.

இன்னும் கொஞ்சம் உள்ளே போனால் துணைவினைகள் வருகின்றன. எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. 'சாப்பிட்டுப் பாருங்கள்' என்கிறோம் அல்லவா? கொரியனில் 'மொகொ ப்வாயோ': மொகொ சாப்பிட்டு, ப்வாயோ பாருங்கள். 'செய்து கொடுங்கள்' என்பதற்கு 'ஹே ஜுசெயோ', இதிலும் கொடு என்ற வினையேதான். 'கொண்டு வா' என்பது 'கஜியொவா', எடுத்து வா. செய்துவிட்டேன், செய்து வைத்தேன் என்பவற்றுக்கும் இதே பாணியில் அமைப்பு உண்டு. பாடப்புத்தகம் இவற்றை நான்கைந்து தனித்தனிப் பாடமாகப் பிரித்துப் போடும். நீங்கள் பக்கத்தில் தமிழை எழுதி வைத்தால் ஒரே மாலையில் முடிந்துவிடும்.

பயிற்சி இதுதான்: அன்றைக்கு நீங்கள் தமிழில் சொன்ன ஐந்து வாக்கியங்களை எழுதி, சொல்லுக்குச் சொல் கொரியன் ஆக்கி, போனில் பதிவு செய்து கேளுங்கள். சொந்தக் குரலைக் கேட்க முதலில் கூச்சமாக இருக்கும், பரவாயில்லை.

நான்காம் படி: 'யோ'வை விடாதீர்கள்

தொழிற்சாலையில் மேலாளர் 'இரி வா' என்பார், இங்கே வா என்று அர்த்தம். புதிதாக வந்தவர் காதில் விழுவதெல்லாம் இந்த மாதிரிப் பேச்சுதான். அதையே பிடித்துக்கொண்டு அவர் 'சாஜாங்நிம், இரி வா' என்று திருப்பிச் சொன்னால், 'முதலாளி, இங்க வா' என்று சொன்ன கதைதான். 'வா' என்பதை 'வாயோ' ஆக்குங்கள், கிட்டத்தட்ட நம் 'வாங்க' ஆகிவிடும். மேலதிகாரியிடம் இன்னும் மரியாதையாக 'ஓசெயோ'.

'செயோ' அடுத்தவருக்கு மட்டும். 'ஒதி கசெயோ?' (எங்கே போறீங்க?) என்று கேட்டால், 'ஜிபே கயோ' (வீட்டுக்குப் போறேன்) என்று பதில் சொல்ல வேண்டும். கேள்வியில் வந்த 'செயோ'வைப் பதிலிலும் ஒட்டினால் 'நான் வந்தாங்க' என்பது போல இருக்கும்.

'நீ', 'நீங்கள்' என்ற சொற்களைத் தேட வேண்டாம். பதவிப் பெயரோடு 'நிம்' சேர்த்தால் போதும். லைன் பொறுப்பாளர் பன்ஜாங்நிம், அலுவலகத்தில் பிரிவுத் தலைவர் க்வஜாங்நிம். சக வேலைக்காரர் என்றால் பெயரோடு 'ஷி'.

ஐந்தாம் படி: முதல் பேச்சு கடையில்

வேலை இடத்தில் தொடங்காதீர்கள், அங்கே பதற்றம் அதிகம். தெருமுனையில் இருக்கும் 24 மணி நேரக் கடைதான் நல்ல பள்ளிக்கூடம். கல்லாவில் கேட்பது நாலைந்து கேள்விகள்தான், அவையும் தினமும் மாறாது.

'போங்து பிரியோஹசெயோ?' பை வேண்டுமா என்று கேட்கிறார். வேண்டுமென்றால் 'நே, ஹனா ஜுசெயோ' (சரி, ஒன்று கொடுங்க). வேண்டாமென்றால் 'அனியோ, க்வென்சனாயோ'. இந்த 'க்வென்சனாயோ' பரவாயில்லை, வேண்டாம் இரண்டுக்கும் உதவும். 'போயின்து இஸ்ஸுசெயோ?' என்றால் பாயிண்ட் கார்டு இருக்கிறதா என்று கேட்கிறார். கடைக்குள் நுழையுமுன் பதிலை ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டு போங்கள். 'நே' சில சமயம் 'தே' போலக் காதில் விழும், குழம்ப வேண்டாம்.

விலைக்கு எண் வேண்டும். கொரியனில் எண் வரிசை இரண்டு. பணத்துக்கும் நிமிடத்துக்கும் இல், இ, சாம், சா, ஓ. மணிக்கும் பொருளை எண்ணுவதற்கும் ஹனா, துல், செத், நெத். ஏழரை மணி என்றால் 'இல்கோப் ஷி சாம்ஷிப் புன்'. மணிக்கு ஒரு வரிசை, நிமிடத்துக்கு மற்றது. பெரிய தொகையில் லட்சக் கணக்கை மறந்துவிட்டு கடைசி நான்கு இலக்கங்களை விரலால் மறையுங்கள். சம்பளச் சீட்டில் 2,500,000 வொன் என்றிருந்தால் மிஞ்சுவது 250. அதோடு 'மான்' (பத்தாயிரம்) சேருங்கள்: 'இபெக்ஓஷிப் மான் வொன்'. 2025 இன் குறைந்தபட்ச மணிக்கூலி 10,030 வொன், 'மான் சாம்ஷிப் வொன்'.

ஆறாம் படி: வேலை இடத்தில் திருப்பிக் கேளுங்கள்

புரியாமல் 'நே' போடுவதுதான் பெரிய ஆபத்து. இயந்திரம் ஓடும் இடத்தில் அது விரலைக்கூடப் பறித்துவிடும். புரிந்த சொல்லை மட்டும் பிடித்து, அதன் வாலில் 'யோ' ஒட்டிக் கேளுங்கள். 'ஜொகி பக்ஸு யொல் கே கஜியொவா' என்று சத்தத்துக்கு நடுவே உத்தரவு வருகிறது. உங்கள் காதில் விழுந்தது பெட்டி, பத்து மட்டும். 'பக்ஸு யொல் கேயோ?' (பத்துப் பெட்டிங்களா?) என்று கேளுங்கள். சரியென்றால் தலையாட்டுவார், தவறென்றால் மறுபடி சொல்வார். ஒன்றுமே பிடிபடவில்லையா? 'தாஷி ஹன் பொன் மல்ஸும்ஹே ஜுசெயோ', இன்னொரு முறை சொல்லுங்கள். வேலையைச் செய்து காட்டி 'இரொக்கே ஹெயோ?' (இப்படியா?) என்று கேட்பதும் நல்ல வழி. இந்த இரண்டையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லும் அளவுக்குப் பழகுங்கள்.

எதிர்மறைக் கேள்விக்கு பதில் தமிழைப் போலவே. 'சாப்பிடலையா?' என்றால் 'ஆமா, சாப்பிடலை' என்பதுபோல 'நே' சொல்லலாம்.

ஏழாம் படி: வகுப்பு

நீதி அமைச்சகத்தின் சமூக ஒருங்கிணைப்புத் திட்டத்தில் 0 முதல் 5 வரை நிலைகள் உள்ளன. 1 முதல் 4 வரை ஒவ்வொன்றும் 100 மணி நேரம். விசா மாற்றும்போதும் கைகொடுக்கும் என்பதால் இதையே முதலில் பாருங்கள். இந்தத் திட்டத்தின் சோசிநெட் இணையதளத்தில் பதிவு செய்யலாம். ஷிப்ட் காரணமாக முடியாதவர்கள் அன்சான் போன்ற ஊர்களில் தொழிலாளர் உதவி மையங்கள் நடத்தும் ஞாயிறு வகுப்புகளை விசாரியுங்கள். இன்னும் கிளம்பாமல் சென்னையில் இருப்பவர்களுக்குக் கொரியன் சொல்லித் தரும் இன்கோ மையம் (இந்திய-கொரியப் பண்பாட்டு மையம்) இருக்கிறது.

எட்டாம் படி: வட்டார வழக்குக்குக் காதைத் தயார் செய்யுங்கள்

உல்சான், புசான், சாங்வொன், கிம்ஹே பக்கம் வேலை கிடைத்தால் பாடப்புத்தகக் கொரியன் காதில் அவ்வளவாக விழாது. 'பாப் மொகொஸ்ஸொயோ?' (சாப்பிட்டீங்களா?) என்பது அங்கே 'பாப் முகொன்னா?' ஆகிவிடும். கோபமாகப் பேசுகிறார்கள் என்று தோன்றும், அது அந்த ஊர் ராகம். அதே வழக்கில் பதில் சொல்ல முயலாதீர்கள். 'னா' பெரியவர்களிடம் போடக் கூடாத முடிவு. 'நே, மொகொஸ்ஸொயோ' என்று பொது வழக்கிலேயே சொல்லுங்கள். இன்னும் சாப்பிடவில்லை என்றால் 'அஜிக் அன் மொகொஸ்ஸொயோ'. அடுத்து 'கச்சி கஜா' என்று வந்தால், சேர்ந்து போகலாம் வா என்று கூப்பிடுகிறார்கள்.