பெயர்வெளி வேறு, பேக்கேஜ் வேறு: நிரல் பகுப்பாய்வுக் கருவியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மூலநிரலைப் படித்து எது எதைச் சார்ந்திருக்கிறது என்று காட்டும் கருவியை எழுத உட்கார்ந்தால், பார்ஸர் (நிரலைப் படித்து உறுப்புகளாகப் பிரிக்கும் பகுதி) வேலை முடிந்ததுமே ஒரு கேள்வி எழும்: கண்டெடுத்த கிளாஸ்களையும் ஃபங்ஷன்களையும் எதற்குள் வைப்பது? பலரும் ‘கன்டெய்னர்’ என்று ஒரே வகையை உருவாக்கி, ஜாவா பேக்கேஜ், சி++ பெயர்வெளி (நேம்ஸ்பேஸ்), பைத்தான் மாட்யூல் எல்லாவற்றையும் அதில் அடைத்துவிடுவார்கள். நானும் அதைத்தான் செய்தேன். முதல் மொழிக்கு ஓடியது. இரண்டாவது மொழியைச் சேர்த்தபோது வினை தொடங்கியது.

பெயர்வெளி, ‘இந்தப் பெயர் எதைக் குறிக்கிறது?’ என்ற கேள்விக்கு விடை. பேக்கேஜ், ‘இந்த நிரல் எந்தக் கட்டில் இருக்கிறது, எதோடு சேர்ந்து வெளியாகிறது?’ என்பதற்கு விடை. ஜாவாவில் ஒரே சொல் இரண்டுக்கும் பயன்படுவதால் வேறுபாடு கண்ணில் படுவதில்லை. சி ஷார்ப்பில் பளிச்சென்று தெரியும்: ஒரே பெயர்வெளி பல அசெம்ப்ளிகளில் (கம்பைல் செய்து வெளியிடும் கோப்புகளில்) பரவிக் கிடக்கும், ஒரே அசெம்ப்ளிக்குள் பல பெயர்வெளிகள் இருக்கும். இந்த உறவை ஒற்றை மரமாக வரைய முடியாது.

இரண்டையும் கலப்பதால் வரும் மோசமான பிழை கிளாஸ் நீட்சியில்தான். ஸ்மால்டாக் மரபில் வந்த ஃபாரோ மொழியில், ஒரு பேக்கேஜ் இன்னொரு பேக்கேஜில் உள்ள கிளாஸுக்கு மெத்தட் சேர்க்கலாம். ரூபியிலும் ஒரு ஜெம் (ரூபியின் பேக்கேஜ்), மொழியோடு வரும் ஸ்ட்ரிங் கிளாஸைத் திறந்து தன் மெத்தடைச் செருகலாம். ‘மெத்தடின் பேக்கேஜ் என்பது அதன் கிளாஸின் பேக்கேஜ்தானே’ என்று கருவி முடிவு செய்தால், அந்த மெத்தட் அழைக்கும் அத்தனையும் ஸ்ட்ரிங்கின் கணக்கில் ஏறும். அடித்தள நூலகம் மேலே உள்ள செயலியைச் சார்ந்திருப்பதாக வரைபடம் காட்டும். அம்பு தலைகீழ்! இல்லாத சார்புச் சுழற்சியைத் தேடி ஒரு குழுவே அலையும். ஃபாரோவில் எழுதப்பட்ட மூஸ் என்ற நிரல் பகுப்பாய்வுத் தளத்தின் ஃபாமிக்ஸ் என்ற நிரல் மாதிரியில் பெயர்வெளியும் பேக்கேஜும் தனித்தனி வகைகளாக இருப்பது வெறும் அலங்காரம் இல்லை. ஆகவே மெத்தடுக்கும் தனியாக ஒரு பேக்கேஜ் சுட்டி கொடுங்கள்.

அடுத்தது, புள்ளியைக் கண்டதும் படிநிலை என்று நம்புவது. ஜாவாவில் ‘ஜாவா.யூட்டில்’, ‘ஜாவா.யூட்டில்.கன்கரன்ட்’ இரண்டும் பெயரளவில்தான் தாயும் பிள்ளையும். முன்னதை நட்சத்திரக் குறியிட்டு இம்போர்ட் செய்தாலும் பின்னதன் கிளாஸ்கள் வராது. பேக்கேஜுக்குள் மட்டும் என்ற அணுகலும் தாண்டாது. சி ஷார்ப்பில் நேர்மாறு: உள் பெயர்வெளியிலிருந்து வெளிப் பெயர்வெளியின் டைப்புகள் யூஸிங் வரி இல்லாமலே தெரியும். பெயர் தேடும் விதியை மொழிவாரியாக எழுதாமல் தப்பிக்க முடியாது. கடைசிப் புள்ளியில் சரத்தை வெட்டி, மிச்சம் பேக்கேஜ் என்று எடுத்துக்கொள்வதும் இதே ரகம். ‘ஜாவா.யூட்டில்.மேப்.என்ட்ரி’யில் மேப் ஒரு இன்டர்ஃபேஸ். வெட்டினால் அப்படியொரு பேக்கேஜ் முளைத்துவிடும்.

சி++ தனி உலகம். அங்கே பெயர்வெளி திறந்தது. செந்தர நூலகத்தின் பெயர்வெளியான எஸ்டிடி அதன் ஒவ்வொரு ஹெடரிலும் மறுபடி திறக்கப்படுகிறது. மாதிரியில் பெயர்வெளிக்கு ஒரே ஒரு ‘கோப்பு’ புலம் வைத்தால், கடைசியாகப் படித்த கோப்பு மற்றதை அழித்துவிடும். அறிவிப்புகளைப் பட்டியலாக வையுங்கள். பெயரில்லாப் பெயர்வெளிக்கோ விதி எதிர்த்திசை: ஒவ்வொரு டிரான்ஸ்லேஷன் யூனிட்டிலும் (தனியாகக் கம்பைல் ஆகும் மூலக்கோப்பும் அதன் ஹெடர்களும்) அது வேறு. வெற்றுச் சரத்தையே அதன் அடையாளமாக வைத்திருந்தேன். இரண்டு கோப்புகளில் ஒரே பெயரில் இருந்த உதவி ஃபங்ஷன்கள் ஒன்றாகிவிட்டன. யாரும் அழைக்காத ஒன்று உயிரோடு இருப்பதாகப் பல வாரம் அறிக்கை வந்தது. சி++11 கொண்டுவந்த இன்லைன் பெயர்வெளியையும் மறக்கக் கூடாது. நிரலர் எழுதும் பெயரில் அது பெரும்பாலும் இருக்காது; கம்பைலர் உருவாக்கும் சின்னத்தில் (சிம்பல்) இருக்கும். இரண்டு பெயரையும் சேமித்தால்தான் இரண்டு பக்கமும் பொருந்தும்.

பைத்தானில் இனிட் கோப்பு (__init__.py) உள்ள கோப்புறை மட்டுமே பேக்கேஜ் என்று தேடும் கருவிகள் இன்னும் உண்டு. 3.3 பதிப்பில் பெப் 420 என்ற மொழி மேம்பாட்டு முன்மொழிவு வந்ததிலிருந்து அது செல்லாது. இனிட் இல்லாமலும் பேக்கேஜ் அமையும், ஒரே பேக்கேஜ் பல கோப்புறைகளில் சிதறியும் கிடக்கும். நிறுவும் பெயரும் இம்போர்ட் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை: பில்லோ நூலகத்தை நிறுவி, பிஐஎல் என்று இம்போர்ட் செய்கிறோம். கோ மொழியிலும் பாதையின் கடைசித் துண்டுதான் பேக்கேஜ் பெயர் என்று உறுதியில்லை; சோதனைக் கோப்புகளுக்காக ஒரே கோப்புறையில் இரண்டு பேக்கேஜ் பெயர்கள் வாழலாம்.

கடைசியாக, நிரல் கைக்கு வராத நூலகங்கள். அழைப்புகளை முடித்து வைக்க ‘ஜாவா.லாங்’ போன்றவற்றுக்கு வெற்று உருக்களை (பெயர் மட்டும் உள்ள பதிலிகளை) உருவாக்குவோம். அதில் தப்பில்லை. ஆனால் ‘வெளியார்’ என்று குறி இடாவிட்டால் அவையும் அளவீட்டில் நுழைந்து, உங்கள் சராசரிகளையெல்லாம் கீழே இழுக்கும்.