ரோவரை ஏற்காடு ஏத்துறதுக்கு முன்னாடி ஆளைப் பிரிங்க

லேப்ல புதுசா சேர்ற பசங்க வருஷா வருஷம் ஒரே கேள்விதான் கேக்குறாங்க: "அக்கா, ஏற்காடு டெஸ்ட்டுக்கு என்னென்ன சாமான் எடுத்துக்கணும்?" ரோவர்னா எங்க லேப்ல செய்ற, தானா ஓடுற வண்டி. அதை ஏற்காடு காப்பித் தோட்டத்துல ஓட்டிப் பாக்குறதுதான் இந்த டெஸ்ட். சாமான் லிஸ்ட் அலமாரிக் கதவுல ஒட்டியிருக்கு, பாத்துக்கலாம். முதல்ல யாருக்கு என்ன வேலைன்னு பிரிக்கணும். நான் இந்த ரோபோ லேப்ல டெக்னீஷியன். ஐடிஐல எலெக்ட்ரானிக்ஸ் படிச்சவ, கோடு எழுதத் தெரியாது. ஆனா தானா ஓடுற வண்டி மலையில எங்க நிக்கும், ஏன் நிக்கும்னு தெரியும். நின்ன வண்டியைத் தூக்கிட்டு வர்றதுல நானும் ஒரு கை.

முதல் ஆள், சிவப்பு பட்டன் ஆள். வண்டியை உடனே நிறுத்த வண்டி மேல ஒரு பட்டன் இருக்கு, கையில ஒரு ரிமோட் இருக்கு. அந்த ரிமோட்டை வெச்சிருக்கிறவங்களுக்கு வேற எந்த வேலையும் தராதீங்க. லேப்டாப் கூடாது, போன் கூடாது, வீடியோ எடுக்கவே கூடாது. அமுக்கினதுக்குக் காரணம் யாரும் கேக்கக்கூடாது, புரொபசர் சாரா இருந்தாலும் சரி. கோடு எழுதினவர் கையில அதைக் குடுத்துடாதீங்க. "இன்னும் ஒரு செகண்ட், இப்ப திரும்பிடும் பாரு"ன்னு அவருக்குத் தோணிட்டே இருக்கும். எங்க லேப்ல செகண்ட் இயர் பொண்ணு ரிமோட்டோட நிக்கும், பி.எச்.டி. ஸ்காலர் கையைக் கட்டிட்டுப் பின்னாடி வருவார். அவருக்குப் பிடிக்காதுதான், இருக்கட்டும்.

பட்டன் வயரிங் எப்பவும் மூடின சர்க்யூட்டா இருக்கணும். வயர் அறுந்தாலும் வண்டி நிக்கும். பட்டன் மோட்டாருக்குப் போற கரண்டை மட்டும் வெட்டணும், கம்ப்யூட்டரை அணைச்சுடக்கூடாது. அணைச்சா எதனால அமுக்கினாங்கங்கிற பதிவும் போயிடும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன்னாடி சக்கரத்தை ஸ்டாண்டுல தூக்கி, சுத்த விட்டு, அமுக்கிப் பாருங்க.

காலேஜ் கிரவுண்டுல தெரியாத ஒரு விஷயம் மலையில தெரியும். கரண்டை வெட்டினா வண்டி நிக்கும்னு நெனைக்கிறோம். சரிவுல நிக்காது, உருளும். கரண்டு போனா தானா பிடிக்கிற பிரேக் இருந்தா சரி. இல்லேன்னா மலைப்பாதையில லாரிக்கு வெக்கிற மாதிரி கட்டை வேணும், அதைத் தூக்கிட்டு வண்டிக்குப் பக்கத்துலயே நடக்க ஒரு ஆள் வேணும். இவர் ரெண்டாவது ஆள். மேல் பக்கமா நடக்கச் சொல்லுங்க, சரிவுக்குக் கீழ் பக்கம் யாருமே நிக்கக்கூடாது.

மூணாவது ஆள் கையில ஒரு நீளக் கம்போட முன்னாடி போறவர். காப்பித் தோட்டத்துல மழைத்தண்ணி நிக்கிறதுக்குக் குழி வெட்டி வெச்சிருப்பாங்க. அது மேல சில்வர் ஓக் சருகு விழுந்து மூடிக் கிடக்கும். லேசர் ஒளி அடிச்சு தூரம் அளக்குற லைடார் சென்சாருக்கு அது சமதரை. எதிர்ல நிக்கிற மரத்தை அழகாப் பாக்குற சென்சார், கீழே இருக்கிற பள்ளத்துல கோட்டை விட்டுடும். குத்திப் பாத்துட்டுப் போறதுதான் வழி. அறுவடை நேரத்துல வரிசைக்குள்ள பழம் பறிக்கிறவங்க இருப்பாங்க. மேஸ்திரிகிட்ட முன்கூட்டியே சொல்லி, அவங்க எந்தப் பக்கம் இருக்காங்கன்னு கேட்டுட்டு வர்றதும் இவர் பொறுப்பு. தோட்டத்துல பேசத் தெரிஞ்சவரா அனுப்புங்க. எங்க பசங்கள்ல ஒருத்தன் போன உடனே "எங்க ரோபோ உங்க வேலையை ஈஸியாக்கும்"னு ஆரம்பிச்சான். பறிகூலி வாங்குறவங்க காதுல அது எப்படி விழும்? அப்புறம் நான்தான் போய் டீ குடிச்சுப் பேசி சரி பண்ணினேன்.

லேப்டாப் ஆள் எல்லாருக்கும் தெரிஞ்ச வேலை, சுருக்கமாச் சொல்றேன். கிளம்புற முந்தின நாள் சாயங்காலத்துக்கு மேல ஒரு வரி கோடு மாத்தக்கூடாது. மேப், சாஃப்ட்வேர் பேக்கேஜ் எல்லாம் இங்கயே இறக்கிக்கணும், தோட்டத்துக்குள்ள சிக்னலை நம்பக்கூடாது. லேப்டாப் கடிகாரமும் வண்டி கடிகாரமும் ஒண்ணா ஓடுதான்னு பாக்கணும், இல்லேன்னா கேமரா ஒரு நேரம், லைடார் ஒரு நேரம்னு பதிவாகி எதுவும் ஒட்டாது. டிஸ்க்குல இடம் இருக்கான்னும் பாக்கணும். 640க்கு 480 கலர் படம், செகண்டுக்கு 30, சுருக்காமப் பதிஞ்சா நிமிஷத்துக்கு 1.6 ஜிபிக்கு மேல போகும். ஒரு மணி நேரத்துல கிட்டத்தட்ட 100 ஜிபி. காலியா 50 ஜிபி வெச்சுட்டு மலையேறினா, மத்தியானச் சோத்துக்கு முன்னாடியே இறங்கிடலாம்.

கடைசி ஆள் நோட்டுக்காரர். இதை யாரும் கேட்டு வாங்க மாட்டாங்க, ஆனா தீசிஸ் எழுதுறப்ப எல்லாரும் அந்த நோட்டைத்தான் தேடுவாங்க. மணி, பேட்டரி வோல்ட், வெயிலா மூட்டமா, யார் பட்டன் அமுக்கினா, அப்ப வண்டி எதைப் பாத்துட்டு இருந்துது, எல்லாம் எழுதணும். பேனா வேணாம், பென்சில் எடுத்துக்கோங்க, ஈரத்துல மை ஊறிடும். மூட்டம் வந்த நேரத்தைக் கட்டாயம் எழுதுங்க. பனித்துளியில பட்டுத் திரும்புற ஒளியை லைடார் சுவர்னு நெனைச்சுக்கும். வண்டி நடுவழியில நிக்கும், ஸ்காலர் ஒரு வாரம் கோடுல தப்பு தேடுவார்.

சார் எங்க நிக்கணும்? பின்னாடி, எல்லாருக்கும் பின்னாடி. ஓட்டம் நடக்குறப்ப அவர் பேசினா எல்லாத் தலையும் அவர் பக்கம் திரும்பிடும், பட்டன் ஆளோட தலையும் சேத்து. எங்க சார்கிட்ட இதை நானே சொன்னேன், கோவிச்சுக்கல. 2004ல அமெரிக்காவுல மொஹாவி பாலைவனத்துல அந்த நாட்டு ராணுவ ஆராய்ச்சி அமைப்பு டார்பா, தானா ஓடுற வண்டிகளுக்கு நடத்தின போட்டியில ஒரு வண்டிகூட முடிக்கலைன்னு அவர்தான் கிளாஸ்ல சொல்வார். நல்லா ஓடின வண்டியே ஏறக்குறைய 12 கிலோமீட்டர்ல நின்னுபோச்சாம். அடுத்த வருஷம் 5 வண்டி முடிச்சுது, ஸ்டான்ஃபோர்டோட ஸ்டான்லி ஜெயிச்சுது. நடுவுல ஸ்டான்ஃபோர்டு டீம் பாலைவனத்துலயே ஓட்டி ஓட்டிப் பாத்தாங்க. காலேஜ் கிரவுண்டுல மட்டும் ஓட்டிட்டு "ரெடி"ன்னு சொல்றவங்களுக்கு இதுக்கு மேல நான் என்ன சொல்ல?

இனி ஏத்துற வேலை. அடிவாரத்துல இருந்து 20 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொண்ணுலயும் வண்டி குலுங்கி நட்டு லூஸாகும். இறுக்கின நட்டு மேல பெயின்ட்ல ஒரு கோடு போட்டு வெச்சா, மேல போய் ஒரு பார்வையிலயே நகந்துடுச்சான்னு தெரியும். லித்தியம் பாலிமர் பேட்டரியைத் தீப்பிடிக்காத பையில தனியா, நிழல்ல வெக்கணும். கேமரா பெட்டிக்குள்ள சிலிக்கா ஜெல் பாக்கெட் போடுங்க. சேலத்துக் காத்தை உள்ள அடைச்சுட்டு மேல போனா, குளிர்ந்ததும் கண்ணாடியில உள்பக்கம் வேர்க்கும். திசைகாட்டி சென்சாரை மேல போய்த்தான் கேலிபரேட் பண்ணணும், அதாவது அந்த இடத்துக்கு ஏத்த மாதிரி திருத்தி வெக்கணும். சேலத்துக்குப் பக்கத்துல கஞ்சமலைப் பக்கம் ஓட்டினா அதைக் கணக்குலயே சேக்காதீங்க, அங்க பாறையே காந்த இரும்புத்தாது. தோட்டத்துல ஜிபிஎஸ்ஸும் அப்படித்தான். வெட்டவெளியில ஆர்டிகே (ஜிபிஎஸ் தப்பைத் திருத்திச் சொல்ற முறை) சென்டிமீட்டர் கணக்குல சொல்லும், நிழல்மரத்துக்குக் கீழ போனதும் அந்தத் துல்லியம் போயிடும்.

அக்டோபர், நவம்பர் மழையில போக வேணாம். காப்பி பூக்குற வாரத்துலயும் தோட்டத்துக்குள்ள சக்கரம் வேணாம், தோட்டத்துக்காரங்க திரும்பச் சொன்னா மறுக்காம திரும்பிடுங்க.

இறங்கி வந்ததும் டயர்ல ஒட்டின செம்மண்ணை அன்னிக்கே கழுவுங்க, காஞ்சா உளி வேணும். டேட்டாவை ரெண்டு டிஸ்க்குல ஏத்துங்க. பேட்டரி ஒரு செல்லுக்கு 3.8 வோல்ட்டுக்கு வர்ற வரைக்கும் யாரும் ஹாஸ்டலுக்குப் போக வேணாம், முழு சார்ஜோட வாரக்கணக்கா வெச்சா உப்பிடும். டீசல் பில், சாப்பாட்டு பில் எல்லாத்தையும் நோட்டுக்காரர் நோட்டுலயே பின் பண்ணி திங்கக்கிழமை என் மேஜையில வெச்சுடுங்க, ஜெராக்ஸ் காப்பி கொண்டாந்தா ஆபீஸ்ல பணம் தர மாட்டாங்க.