கிராமத்து போன் லைனில் நெட்: நானும் செய்து, நீங்களும் செய்யும் தவறுகள்

புதிதாக பிராட்பேண்ட் வாங்கிய ஒரு தம்பி, "அண்ணே, நெட்டு நகரவே மாட்டேங்குது, வேற மோடம் வாங்கிடலாமா?" என்று கேட்டார். போய்ப் பார்த்தேன். மோடம் பாவம், அதன் மேல் ஒரு குற்றமும் இல்லை. பல வருடங்களுக்கு முன்பு நான் செய்து வைத்த அதே கோளாறை அவரும் அச்சு அசலாகச் செய்து வைத்திருந்தார். பிளக் சரியாகச் செருகாதது, பாஸ்வேர்டு தப்பாக அடித்தது இதையெல்லாம் விட்டுவிடுகிறேன். அதெல்லாம் அரை மணியில் தானே தெரிந்துவிடும்.

வைஃபையில் அளந்துவிட்டு லைனைத் திட்டுவது

மோடத்துக்குள் லாகின் செய்தால் லைனைப் பற்றிய பக்கம் ஒன்று இருக்கும். மூன்று எண்களைக் குறித்து வையுங்கள்: இணைப்பு வேகம், அட்டெனுவேஷன், எஸ்என்ஆர் மார்ஜின். வழியில் சிக்னல் எவ்வளவு தேய்ந்தது என்பதுதான் அட்டெனுவேஷன். ஏடிஎஸ்எல் (செம்புப் போன் கம்பியிலேயே நெட் வரும் முறை) லைனில் கிலோமீட்டருக்குச் சுமார் 14 டெசிபல் என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். மார்ஜின் என்பது இரைச்சலுக்கு மேலே மிச்சம் இருக்கும் இடைவெளி. அது 6 டெசிபல் பக்கம் இருந்தால் சரி; மிகவும் இறங்கினால் இணைப்பு விட்டு விட்டு வரும். லேன் கேபிள் மாட்டி அளக்கும்போது வேகம் சரியாக வந்தால், பிரச்சினை வைஃபையில்.

மோடம் பெட்டியில் 24 மெகாபிட் என்று போட்டிருக்கும். அது எக்ஸ்சேஞ்சுக்குப் பக்கத்து வீட்டுக்காரருக்கு.

போன் வயரைக் கடைசி அறை வரை இழுப்பது

இதை நினைத்தால் இன்னும் எரிச்சல் வருகிறது. லைன் வந்து சேர்வது வாசலில், கம்ப்யூட்டர் இருந்ததோ பின்கட்டு அறையில். தட்டை போன் வயர் 25 மீட்டர் வாங்கி, கரண்ட் வயர் போகும் பாதையிலேயே, விரற்கடைக்கு ஒரு கிளிப் அடித்து, பார்ப்பவர் மெச்சும்படி கொண்டுபோனேன். பேசினால் குரல் கணீரென்று கேட்டது. நெட் மட்டும் 2 மெகாபிட்டைத் தாண்டவில்லை. ஒரு வருடத்துக்கு மேல் புகார், சண்டை. நடுவில் இரண்டு மோடம் வேறு மாற்றினேன். கடைசியில் வந்த வயதான லைன்மேன் ஒன்றும் பேசாமல் மோடத்தைக் கழற்றி, வாசல் பெட்டியில் மாட்டி, விளக்கு நிலைக்கும் வரை பக்கத்திலேயே குந்தியிருந்தார். எண்ணைப் பார்த்தால் கிட்டத்தட்ட 5. "கோளாறு எங்க லைன்ல இல்ல சார், நீங்க அடிச்ச கிளிப்புக்குக் கீழ இருக்கு" என்றார்.

குரலுக்கு 4 கிலோஹெர்ட்ஸ் போதும். அதற்குத் தட்டை வயர் தாங்கும். ஏடிஎஸ்எல்லின் வேகமான வடிவமான ஏடிஎஸ்எல்2+ ஏறுவது 2.2 மெகாஹெர்ட்ஸ் வரை. போன் கேபிளில் இரண்டு கம்பியையும் முறுக்கி வைத்திருப்பதற்குக் காரணம் உண்டு. வெளி இரைச்சல் இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவில் ஏறும், கம்பிகளுக்கு இடையிலுள்ள வித்தியாசத்தை மட்டும் பார்க்கும் மோடத்துக்கு அது தெரியாமலே போய்விடும். தட்டை வயரில் அந்த முறுக்கு இல்லை. அப்புறம் அது வயர் இல்லை, ஆன்டெனா. எல்இடி விளக்கின் டிரைவர், மலிவான சார்ஜர், மத்திய அலை ரேடியோ எல்லாமே அதில் வந்து ஏறும். பல கிலோமீட்டர் நடந்து தேய்ந்து வந்த சிக்னல் வீட்டுக்குள் கடைசி 25 மீட்டரில் செத்துப்போகிறது.

இதற்கு ஒரு தம்பி உறவும் உண்டு. படுக்கை அறையில் முன்பு போன் இருந்ததென்று அங்கே ஒரு கிளை வயர் போகும். "அதுலதான் ஒண்ணுமே மாட்டலையே, சும்மாதானே கெடக்கு" என்பார்கள். சும்மா கிடக்காது. சிக்னல் அதிலும் போய், முனையில் முட்டித் திரும்பி வந்து, நல்ல சிக்னலோடு மோதும். அந்தக் கிளையைப் பெட்டியிலேயே கழற்றிவிட வேண்டும்.

சோதனை எளிது. மற்ற எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, வயர் வீட்டுக்குள் நுழையும் முதல் பெட்டியில் மோடத்தை மட்டும் மாட்டி எண்ணைப் பாருங்கள். கூடியிருந்தால் மோடம் இனி அங்கேதான். அங்கிருந்து கம்ப்யூட்டருக்கு லேன் கேபிள் இழுங்கள், 100 மீட்டர் வரை தாராளமாகப் போகும். போன் வயரைத்தான் நீட்டியாக வேண்டும் என்றால் முறுக்கு ஜோடி கேபிள் வாங்கி, கரண்ட் வயரை விட்டு விலக்கி இழுங்கள்.

ஃபில்டரில் கஞ்சத்தனம்

போன், ஃபேக்ஸ், லைனில் தொங்கும் பழைய அலாரம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு ஃபில்டர் (நெட் சிக்னலைப் போன் பக்கம் போகவிடாமல் தடுக்கும் சின்னப் பெட்டி). மோடத்துக்கு மட்டும் கூடாது. அல்லது முதல் பெட்டியிலேயே ஒரு ஸ்ப்ளிட்டர் போட்டுப் பிரித்துவிடுங்கள்.

மோடத்தை அணைத்து அணைத்துப் போடுவது

பல நெட்வொர்க்குகளில் லைனைத் தானாகக் கண்காணிக்கும் ஏற்பாடு இருக்கிறது. ஒரு நாளில் பத்து தடவை இணைப்பு அறுந்தால், "இந்த லைன் தாங்காது" என்று அது வேகத்தைக் குறைத்து, மார்ஜினை ஏற்றிவிடும். அணைத்தது நீங்கள்தான் என்பது அதற்குத் தெரியாமல் போகலாம். சில நாட்கள் தொடாமல் விடுங்கள்.

மேல் பிளானுக்கு மாறுவது

லைன் தாங்குவது 4 என்றால், 20-க்குப் பணம் கட்டினாலும் 4-தான்.

இடி நேரத்தில் ஒரே பிளக்கைக் கழற்றுவது

கரண்ட் பிளக்கை மட்டும் போதாது, போன் வயரையும் சேர்த்துக் கழற்றுங்கள். இடி தொடங்கும் முன்பே.

கரகரப்பைப் பொறுத்துக்கொள்வது

மழை விட்ட மறுநாள் போனில் கரகரவென்று கேட்கிறதா? எங்கோ ஜாயிண்டில் தண்ணீர் இறங்கியிருக்கலாம், அல்லது களிம்பு பிடித்திருக்கலாம். ரிசீவரை எடுத்ததும் நெட் சரியாகி, வைத்த கொஞ்ச நேரத்தில் மறுபடி இழுத்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும். பேசும்போது ஓடும் மின்னோட்டம் களிம்பைத் தாண்டித் தற்காலிகமாக வழி ஏற்படுத்துகிறது. புகார் கொடுக்கும்போது "நெட் ஸ்லோ" என்று ஆரம்பிக்காதீர்கள், எதிர்முனையில் உடனே பிளானைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுவார்கள். "போனில் குரல் சரியாகக் கேட்கவில்லை" என்று சொல்லுங்கள். அதை யாரும் காதில் வாங்கிச் சரிபார்க்கலாம்.

தம்பி வீட்டு மோடம் இப்போது வாசல் பெட்டியில் இருக்கிறது. வேகம் ஏறிவிட்டது, கரகரப்பு மட்டும் போகவில்லை. கம்பத்து ஜாயிண்டைப் பிரித்துப் பார்க்க ஆள் வரவேண்டும்.