எம்விசி: லிசனர் வைத்து மாடலையும் வியூவையும் பிரிப்பது எப்படி?

எம்விசி என்பது நிரலை மாடல் (தரவு), வியூ (திரை), கன்ட்ரோலர் (பயனர் கொடுப்பதை வாங்கும் பகுதி) என்று மூன்றாகப் பிரிக்கும் முறை. அதைப் பற்றி எங்கே படித்தாலும் மூன்று பெட்டிகளும் நடுவில் அம்புக்குறிகளும் போட்ட படம் ஒன்று இருக்கும். பெட்டிகளை விடுங்கள், அம்பு எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். வியூவுக்கு மாடலைத் தெரியலாம். மாடலுக்கு வியூவைத் தெரியவே கூடாது. அப்படியென்றால் மாடலில் மதிப்பு மாறியதை வியூ எப்படி அறியும்? அதற்குத்தான் லிசனர்: மதிப்பு மாறினால் தனக்குச் சொல்லும்படி மாடலிடம் பதிந்துகொள்ளும் பொருள்.

1979-ல் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் ஸ்மால்டாக் மொழிக்காக டிரிக்வே ரீன்ஸ்காக் யோசித்த அமைப்பு இது. இன்று ஜாவாவில் எழுதினாலும் பைத்தானில் எழுதினாலும் அடிப்படை அதேதான். செல்சியஸ் பெட்டி ஒன்று, ஃபாரன்ஹீட் பெட்டி ஒன்று. ஒன்றில் எண் கொடுத்தால் மற்றது தானாக மாற வேண்டும். இதைச் செய்து பார்ப்போம்.

படி 1: இன்டர்ஃபேஸ்

வெப்பலிசனர் என்று ஓர் இன்டர்ஃபேஸ், அதாவது என்னென்ன மெத்தட் இருக்க வேண்டும் என்று மட்டும் சொல்லும் ஒப்பந்தம். உள்ளே மாறியது(செல்சியஸ்) என்று ஒரே ஒரு மெத்தட். ஜாவாவில் இதே வேலைக்குப் பழைய அப்சர்வர், அப்சர்வபிள் இரண்டும் இருக்கின்றனவே என்று எடுக்காதீர்கள். ஜாவா 9 முதல் அவை கைவிடப்பட்ட பட்டியலில் உள்ளன.

படி 2: மாடல்

கிளாஸ் வெப்பமாடல்
  செல்சியஸ் = 0
  லிசனர்கள் = காலிப் பட்டியல்
  சேர்(லி): பட்டியலில் லி-யைச் சேர்
  நீக்கு(லி): பட்டியலிலிருந்து லி-யை எடு
  மாற்று(புதியது):
    புதியது = செல்சியஸ் எனில் திரும்பிவிடு
    செல்சியஸ் ← புதியது
    பட்டியலின் நகலில் உள்ள ஒவ்வொரு லி-க்கும்: லி.மாறியது(செல்சியஸ்)

நகல் எதற்கு? அறிவிப்பு ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு லிசனர் தன்னை நீக்கிக்கொண்டால், ஜாவாவின் சாதாரணப் பட்டியல் பெரும்பாலும் எக்செப்ஷன் (பிழை) வீசிவிடும்.

படி 3: திரை இல்லாமல் சோதியுங்கள்

இதைத் தாண்டிப் போகாதீர்கள். ஃபாரன்ஹீட்டைக் கன்சோலில் அச்சிடும் சின்ன லிசனர் ஒன்றைச் சேர்த்து, மாற்று(100) என்று அழையுங்கள். 212 வரவேண்டும். மறுபடி மாற்று(100) என்றால் எதுவும் அச்சாகக் கூடாது. பட்டன், ஜன்னல் எதுவும் இல்லாமல் மாடல் ஓடுகிறதா? அப்படியானால் பிரித்தது சரி.

படி 4: வியூ

இரண்டு பெட்டிகள் கொண்ட கிளாஸ். வெப்பலிசனரை இம்ப்ளிமென்ட் செய்து, மாறியது அழைக்கப்படும்போது இரண்டு பெட்டிகளிலும் எண்ணை எழுதும். அவ்வளவுதான் அதன் வேலை.

படி 5: கன்ட்ரோலர்

பயனர் கொடுத்ததை வாங்கி, எண்தானா என்று சரிபார்த்து, ஃபாரன்ஹீட் என்றால் செல்சியஸாக்கி, மாடலின் மாற்று மெத்தடை அழைக்கும். வியூவின் பெட்டிகளில் தானாக எதையும் எழுதாது.

எந்த நிகழ்வைக் கேட்கிறோம் என்பதில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். ஃபாரன்ஹீட் பெட்டியில் 100 கொடுக்கிறோம். மாடலில் 37.777… பதிவாகிறது, செல்சியஸ் பெட்டியில் வியூ 37.8 என்று எழுதுகிறது. நிரலே எழுதிய அந்த எண்ணையும் பயனர் கொடுத்ததாகக் கன்ட்ரோலர் எடுத்துக்கொண்டால், மாடல் 37.8 ஆகும், ஃபாரன்ஹீட் 100.04 ஆகும். படி 2-ல் போட்ட சமச் சோதனை இதைத் தடுக்காது, ஏனென்றால் மதிப்பு உண்மையிலேயே மாறியிருக்கிறது. ஜாவாவின் திரை நூலகமான ஸ்விங்கில் டாக்குமென்ட் லிசனர் போட்டால், நிரல் எழுதும்போதும் அது எழும். ஆக்‌ஷன் லிசனர் என்டர் தட்டினால் மட்டுமே எழும், நிரல் எழுதுவதைக் கண்டுகொள்ளாது. இங்கே அதுவே போதும்.

படி 6: இணைப்பும் பிரிப்பும்

மெயினில் மாடலை உருவாக்கி, வியூவை உருவாக்கி, மாடல்.சேர்(வியூ) என்று இணைத்து, இரண்டையும் கன்ட்ரோலரிடம் கொடுங்கள். ஜன்னலை மூடும்போது மாடல்.நீக்கு(வியூ) கட்டாயம். இல்லையென்றால் மாடல் இருக்கும்வரை மூடிய ஜன்னலும் நினைவகத்தை விட்டுப் போகாது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் கண்ணுக்குத் தெரியாத பெட்டிகளில் எண் எழுதிக்கொண்டே இருக்கும்.