பொய் அறியும் சோதனைக்கு வரச் சொன்னால்

கஸ்தூரியார் வீதி நகைக்கடை ஒன்றில் சங்கிலி காணாமற்போய், வேலையாட்கள் எல்லாரையும் பொலிகிராப் சோதனைக்கு அழைக்கிறார்கள் என்று வையுங்கள். அந்தக் கருவி பொய்யை அளப்பதில்லை. உடம்பின் பதற்றத்தைத்தான் அளக்கிறது.

நெஞ்சிலும் வயிற்றிலும் கட்டும் இரண்டு குழாய்கள் மூச்சைப் பதியும். மேற்கையில் பிரஷர் பட்டி. இரண்டு விரல்களில் மாட்டும் தகடுகள், வியர்வையால் தோலில் மின்சாரம் கடக்கும் அளவு மாறுவதைப் பிடிக்கும். கேள்விகள் ஏறத்தாழப் பத்து. ஆம், இல்லை என்றுதான் பதில். ஒவ்வொன்றுக்கும் இடையில் 20 முதல் 25 வினாடி விடுவார்கள், உடம்பு பழைய நிலைக்குத் திரும்ப. முழுத் தொகுதியையும் மூன்று தரமாவது கேட்பார்கள்.

சூட்சுமம் ஒப்பீட்டில் இருக்கிறது. "சங்கிலியை எடுத்தீர்களா?" என்பதோடு, "முன்பு எப்போதாவது பிறர் பொருளை எடுத்ததுண்டா?" என்றும் கேட்பார்கள். எடுத்தவர் முதலாவதுக்கு அதிகம் பதறுவார், எடுக்காதவர் இரண்டாவதுக்கு என்பது கணக்கு. பிழை வருவதும் இங்கேதான்: பழிச்சொல்லுக்கு அஞ்சும் நேர்மையான பிள்ளையும் முதலாவதுக்கே பதறும். மறுபக்கம், சோவியத்துக்கு உளவு பார்த்த, அமெரிக்க உளவு நிறுவனமான சிஐஏயின் அதிகாரி ஆல்ட்ரிச் ஏம்ஸ் 1986, 1991 இரு தடவையும் இந்தச் சோதனையில் தேறினார்.

போவதானால், கேள்விகளை முன்கூட்டியே வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். தமிழிலேயே கேட்கவேண்டும் என்று நில்லுங்கள். மொழிபெயர்ப்பாளர் இடையில் வந்தால் எந்த வசனத்துக்கு உடம்பு பதறியது என்று பிரிப்பது கடினம். பிரஷர் குளிசை போடுபவர்கள் அதைச் சொல்லிவிடுங்கள், சில வகை இதயத்துடிப்பை அடக்கும். சம்மதப் பத்திரத்தில் கையெழுத்து வைக்குமுன் சட்டத்தரணி ஒருவரிடம் கட்டாயம் காட்டுங்கள்.