மால்வோலியோவுக்கு எந்த மந்திரம்? ஷேக்ஸ்பியர் நாடகத்தை மாயக்கதையாக மாற்றும் முறை

ஷேக்ஸ்பியர் நாடகம் ஒன்றை எடுத்து, பாத்திரங்களுக்கு ஆளுக்கொரு மந்திரம் கொடுத்து, மறுபடி எழுதிப் பார்ப்பது எங்கள் வீட்டு மொட்டை மாடியில் பல காலமாக நடக்கும் விளையாட்டு. நான், என் தங்கை, அவள் கணவர், பக்கத்துத் தெருவிலிருந்து வரும் கல்லூரிப் பிள்ளைகள் இருவர். எல்லோருக்கும் நாடகப் பைத்தியம். புதிதாகச் சேர்கிறவர்கள் வந்த உடனே பங்கு பிரித்துவிடுகிறார்கள்: கோபக்காரனுக்கு நெருப்பு, அமைதியானவளுக்கு நீர், கெட்டவனுக்கு இருள். அப்புறம் எழுத ஒன்றும் மிஞ்சுவதில்லை. அதனால் ஒரே ஒரு நாடகத்தை எடுத்துக்கொண்டு, இதை எப்படிச் செய்தால் சுவையாக வரும் என்று சொல்கிறேன். நாடகம் 'பன்னிரண்டாம் இரவு' (Twelfth Night).

ஏன் இது? இந்த நாடகத்தில் பாத்திரங்களே மண், நீர், நெருப்பு, காற்று என்ற பூதங்களைப் பற்றிப் பேசிக்கொள்கிறார்கள். இரண்டாம் அங்கம், மூன்றாம் காட்சி. நள்ளிரவு தாண்டிவிட்டது, சீமாட்டி ஒலிவியாவின் வீட்டில் தங்கிக் குடித்திருக்கும் அவள் உறவினன் சர் டோபி கேட்கிறான்: நம் வாழ்க்கை நான்கு பூதங்களால் ஆனதுதானே? அவனோடு குடிக்கும் சர் ஆண்ட்ரூ சொல்கிறான்: அப்படித்தான் சொல்கிறார்கள், எனக்கென்னவோ சாப்பாட்டாலும் குடியாலும் ஆனது போலத்தான் தெரிகிறது. அந்தக் காலத்து லண்டன் ரசிகர்களுக்கு விளக்கமே தேவைப்படாத பேச்சு இது.

குணத்தையும் பூதத்தையும் பொருத்துவது அவர்களுக்கு மருத்துவமாகவே இருந்தது. கிரேக்க மருத்துவத்தில் தொடங்கி, இரண்டாம் நூற்றாண்டில் கேலன் விரித்து எழுதிய கணக்கு. உடலில் நான்கு நீர்கள். இரத்தம் மிகுந்தவன் காற்று, உற்சாகி. மஞ்சள் பித்தம் மிகுந்தவன் நெருப்பு, சினக்காரன். கரும்பித்தம் மிகுந்தால் மண், துயரில் உறைந்தவன். கபம் மிகுந்தால் நீர், நிதானி. நம் சித்த மருத்துவத்தின் வாதம், பித்தம், கபம் மூன்றையும் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபட்டுவிடும். கணக்கு வேறு, பார்வை ஒன்றுதான்.

இப்போது பரவலாக இருக்கும் பதினாறு வகை ஆளுமைச் சோதனையையும் பலர் பயன்படுத்துகிறார்கள். கார்ல் யுங் 1921-ல் வெளியிட்ட நூலிலிருந்து கேத்தரின் பிரிக்ஸும் அவர் மகள் இசபெல் மையர்ஸும் வளர்த்தெடுத்தது அது. உளவியலாளர்கள் பலர் அதை அளவுகோலாக ஏற்பதில்லை, ஒரே ஆள் இன்னொரு முறை எழுதினால் வேறு வகை வருவதும் சாதாரணம். நண்பர்களுக்குள் யார் எந்தப் பாத்திரம் வாசிப்பது என்று பேச்சைத் தொடங்க அது உதவும், அவ்வளவுதான். பாத்திரத்துக்கு மந்திரம் கொடுக்கப் பழைய நான்கையே எடுத்துக்கொள்ளுங்கள். எழுதியவரின் மனதில் ஓடிய கணக்கு அதுதான்.

சரி, வேலைக்கு வருவோம்.

முதலில் நாடகத்தை முழுசாகப் படியுங்கள். சுருக்கம் போதாது. அமெரிக்காவின் ஃபோல்ஜர் ஷேக்ஸ்பியர் நூலகத்தின் பதிப்பு இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. ஒரு பிரதி அச்செடுத்துக்கொண்டு, நான்கு வண்ணப் பென்சிலோடு உட்காருங்கள். புரூஃப் பார்ப்பது என் பிழைப்பு, பென்சில் இல்லாமல் எனக்குப் படிக்க வராது. ஆனாலும் இது பழக்கத்துக்காகச் சொல்வதல்ல. கடல், மழை, கண்ணீர் வந்தால் நீலம். பாட்டு, மூச்சு, காற்று வந்தால் பச்சை. கல், கல்லறை, கறுப்பு உடை வந்தால் பழுப்பு. தீ, மஞ்சள், வெளிச்சம் வந்தால் சிவப்பு. படித்து முடித்ததும் ஒவ்வொரு பாத்திரத்தின் பேச்சிலும் எந்த வண்ணம் தேங்கியிருக்கிறது என்று பாருங்கள். நீங்கள் நினைத்ததும் பக்கத்தில் தெரிவதும் ஒன்றாக இருக்காது.

அடுத்து, குணத்தை மறந்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: நெருக்கடி வந்தால் இந்த ஆள் முதலில் என்ன செய்கிறார்? மந்திரம் அதிலிருந்துதான் வர வேண்டும், இதுதான் முதல் விதி.

டியூக் ஒர்சினோவைப் பாருங்கள். நாடகம் தொடங்கும்போதே இசை கேட்டுக் காதலில் உருகுகிறான். எல்லோரும் அவனுக்குத் தண்ணீர் கொடுப்பார்கள், அவனே தன் காதலைக் கடல் என்கிறான். ஆனால் அவன் செய்வது என்ன? ஆள் அனுப்புகிறான். ஒலிவியாவை அப்படிக் காதலிப்பவன், ஐந்தாம் அங்கம் வரை ஒரு முறைகூட அவள் வீட்டு வாசலுக்கு நேரில் போவதில்லை. விதூஷகன் ஃபெஸ்டே அவன் மனதை நிறம் மாறும் ஓபல் கல் என்கிறான். ஆகவே ஒர்சினோவுக்குக் காற்று: அவன் சொல் எந்த வீட்டுக்குள்ளும் போய்ச் சேரும்.

இங்கேதான் இரண்டாவது விதி. ஒவ்வொரு மந்திரத்துக்கும் ஒரு விலை வேண்டும், அந்த விலை பாத்திரத்தின் குறையிலிருந்தே பிறக்க வேண்டும். ஒர்சினோவின் சொல் எங்கும் போகும், ஆனால் சுமந்து போகிறவரின் குரலில்தான் ஒலிக்கும். இப்படி வைத்ததும் கதை தானாக ஓடத் தொடங்குகிறது. அவன் தூது அனுப்புகிறான், ஒலிவியா அந்தக் குரலுக்கு மயங்குகிறாள், குரலோ ஆண் வேடத்தில் தூது வந்த வயோலா என்ற பெண்ணுடையது. ஷேக்ஸ்பியரின் கதையில் ஒரு வரிகூட நாம் மாற்றவில்லை.

ஒலிவியாவுக்கு மண். அண்ணன் இறந்த துக்கத்தில் ஏழு வருஷம் முகத்திரையோடு இருப்பதாக நோன்பு. துயரமே அவளுக்குப் பழகிப்போய்விட்டது என்று அவள் தோழி மரியா சொல்கிறாள். அவள் நினைத்தால் சுவர் எழும், கதவு கல்லாகும். விலை: ஒரு முறை ஒருவருக்குத் திறந்த கதவை அவருக்கு எதிராக மறுபடி மூட முடியாது. முதல் அங்கத்தின் ஐந்தாம் காட்சியில் அவள் முகத்திரையை விலக்கும் இடத்தை இதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

வயோலா எனக்கு மிகவும் பிடித்தவள். கப்பல் உடைந்து கரை ஒதுங்கியவள், இரட்டைச் சகோதரன் செபாஸ்டியன் மூழ்கிவிட்டான் என்று நம்புகிறவள், ஆண் உடை தரித்து சிசாரியோ என்ற பெயரில் ஒர்சினோவிடம் வேலைக்குச் சேர்ந்து, அவனையே காதலிக்கிறவள். நீர் என்பதில் சந்தேகமில்லை. எந்தப் பாத்திரத்தில் ஊற்றினாலும் அதன் வடிவம் எடுக்கும் தண்ணீர் மாதிரி, அவளால் எந்த உருவமும் எடுக்க முடியும். விலை என்ன? அந்த உருவத்தில் இருக்கும் வரை தன் ஆசையை 'நான்' என்று சொல்ல முடியாது. இரண்டாம் அங்கம், நான்காம் காட்சியில் அவள் ஒர்சினோவிடம் சொல்வதைக் கவனியுங்கள்: என் அப்பாவுக்கு ஒரு மகள் இருந்தாள், அவள் ஒருவனைக் காதலித்தாள், வாய் திறந்து சொல்லவே இல்லை. படர்க்கையில் தன் கதையையே சொல்கிறாள். நாம் வைத்த விலையை ஷேக்ஸ்பியர் ஏற்கெனவே எழுதி வைத்திருக்கிறார். மூலத்தில் இப்படி ஓர் இடம் அகப்பட்டால் மந்திரம் சரியாகப் பொருந்திவிட்டது என்று அர்த்தம்.

மூன்றாவது விதி, முடிவைச் சோதிப்பது. மந்திரம் கதையைத் தீர்த்துவைக்கக் கூடாது. மனைவியைப் பற்றி இயாகோ சொல்லும் பொய்யை நம்பி அழியும் ஒதெல்லோவுக்கு மனதைப் படிக்கும் சக்தி கொடுத்தால் முதல் அங்கத்திலேயே இயாகோ பிடிபடுவான், நாடகம் போச்சு. ஒருவருக்கு எது தேவையோ அதை மட்டும் தராத மந்திரத்தைக் கொடுங்கள். வயோலாவிடம் இதைச் சோதிக்கலாம். கடைசிக் காட்சியில் உண்மை தெரிந்ததும் அவள் கையை அசைத்துப் பெண் உருவுக்குத் திரும்பிவிட்டால் என்ன ஆகும்? ஷேக்ஸ்பியர் அதை அனுமதிக்கவே இல்லை. அவள் பெண் உடைகள் கப்பல் தலைவனிடம் இருக்கின்றன, அவனோ மால்வோலியோ தொடுத்த வழக்கில் சிறையில். அதனால் திரை விழும் வரை அவள் ஆண் உடையில்தான் இருக்கிறாள், ஒர்சினோ அவளை இன்னும் சிசாரியோ என்றே கூப்பிடுகிறான். ஆகவே நம் கதையிலும் சொந்த உடை கைக்கு வந்தால்தான் சொந்த உருவம். இதை விட்டுக்கொடுக்காதீர்கள்.

இப்போது மால்வோலியோ. எங்கள் மாடியில் மிக நீண்ட சண்டை இவனுக்காகத்தான் நடந்தது. ஒலிவியா வீட்டுக் காரியஸ்தன். கண்டிப்பானவன், சிரிக்காதவன். அவனை மாட்டிவைக்க மரியா தன் எஜமானியின் கையெழுத்தில் ஒரு காதல் கடிதம் எழுதிப் போடுகிறாள்: மஞ்சள் காலுறை போடு, காலில் குறுக்குப்பட்டை கட்டு, சிரித்துக்கொண்டே இரு. மஞ்சள் ஒலிவியாவுக்குப் பிடிக்காத நிறம்.

"அக்கா, மஞ்சள் என்றால் மஞ்சள் பித்தம். அவனுக்கு நெருப்புதான். பார், கடைசியில் எல்லோரையும் பழிவாங்குவேன் என்கிறானே" என்றாள் தங்கை.

நான் மூன்றாம் அங்கம் நான்காம் காட்சியைத் திறந்து காட்டினேன். டோபி கூட்டத்தைப் பார்த்து மால்வோலியோ சொல்கிறான்: நான் உங்கள் பூதத்தைச் சேர்ந்தவன் அல்ல. அவனே சொல்லிவிட்டான். அந்த வீட்டில் எல்லோருக்கும் மந்திரம் உண்டு, அவனுக்கு எதுவும் இல்லை. கணக்குப் பார்க்கிறான், சாவி வைத்திருக்கிறான், இரவில் கூத்தடிப்பவர்களை அதட்டுகிறான். மந்திரமில்லாத வேலைக்காரன் ஒருவனுக்கு ஒரு கடிதம் வருகிறது: உனக்குள் நெருப்பு இருக்கிறது, மஞ்சள் உடுத்தினால் வெளியே வரும். அவன் நம்புகிறான். இப்படி எழுதிப் பார்த்தால், அவன் மஞ்சள் காலுறையோடு சிரித்துக்கொண்டு வந்து நிற்கும் இடத்தில் யாருக்கும் சிரிப்பு வராது.

பைத்தியம் என்று சொல்லி அவனை இருட்டறையில் அடைக்கிறார்கள். ஃபெஸ்டே பாதிரியார் குரலில் வந்து, இங்கே இருட்டே இல்லை என்று சாதிக்கிறான். அப்போது மால்வோலியோ என்ன கேட்கிறான் தெரியுமா? ஒரு மெழுகுவத்தி, பேனா, மை, காகிதம். நான்காம் அங்கம், இரண்டாம் காட்சி. கடிதத்தில் வாக்களிக்கப்பட்ட நெருப்பெல்லாம் பொய். அவனுக்குக் கிடைக்கக்கூடிய உண்மையான நெருப்பு அந்த ஒரு மெழுகுவத்தி. அந்த அறையிலிருந்து அவன் எழுதும் கடிதம்தான் ஐந்தாம் அங்கத்தில் வாசிக்கப்பட்டு அவனை வெளியே கொண்டுவருகிறது. நீங்கள் ஒரே ஒரு காட்சிதான் எழுதப்போகிறீர்கள் என்றால் இதை எழுதுங்கள்.

இவனைத் தனியாகக் கவனித்தவர்கள் முன்பும் உண்டு. 1602 பிப்ரவரி 2 அன்று லண்டன் மிடில் டெம்பிள் மண்டபத்தில் இந்த நாடகத்தைப் பார்த்த ஜான் மேனிங்ஹாம் என்ற சட்ட மாணவர், தன் நாட்குறிப்பில் காரியஸ்தனை ஏமாற்றும் தந்திரத்தைத்தான் ரசித்து எழுதினார். மன்னர் முதலாம் சார்லஸ் தன்னிடமிருந்த ஷேக்ஸ்பியர் நாடகத் தொகுப்பில் இந்த நாடகத்தின் பெயருக்குப் பக்கத்தில் 'மால்வோலியோ' என்று தன் கையாலேயே எழுதி வைத்தார்.

மற்றவர்களை விரைவாக முடித்துவிடலாம். டோபியும் காற்றுதான், ஆனால் இரைச்சலான காற்று. மரியாவுக்கு யார் கையெழுத்தும் வரும், அது போதும். ஆண்ட்ரூவுக்குச் சாப்பாடு என்று அவனே சொல்லிவிட்டான். செபாஸ்டியனுக்கும் நீரே கொடுங்கள், ஆனால் உருவம் மாறத் தெரியாதவனாக வையுங்கள். இரட்டையர் சந்திக்கும்போது அந்த வேறுபாடு வேலை செய்யும்.

ஃபெஸ்டேயிடம் மட்டும் கொஞ்சம் நில்லுங்கள். மூன்றாம் அங்கத்தில் அவன், அதெல்லாம் என் வானத்துக்கு வெளியே உள்ள விஷயம், பூதம் என்று சொல்லலாம், ஆனால் அந்தச் சொல் தேய்ந்துவிட்டது என்கிறான். ஐரோப்பியக் கணக்கில் மனிதருக்கு நான்கு பூதங்கள்தான். நமக்கு ஐந்து. ஐந்தாவதான ஆகாயத்தின் குணம் ஒலி என்பது நம் மரபு. இரண்டு வீட்டுக்கும் போய் வருகிறவன், எந்தக் கட்சியிலும் சேராதவன், நாடகத்தின் பாட்டெல்லாம் பாடுகிறவன். ஆகாயத்தை அவனுக்குக் கொடுத்துவிட்டோம். மூலத்தில் இல்லாத ஒன்றைச் சேர்க்கிறோம் என்பது தெரியும். ஆனால் அந்த இடத்தை ஷேக்ஸ்பியர் காலியாக விட்டிருக்கிறார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

சில நேரம் மூலமே தடுக்கும். நாட்டை மகள்களுக்குப் பங்கு போட்டுக் கொடுத்து, அவர்களாலேயே கைவிடப்பட்டுப் புயலில் அலையும் லியர் மன்னன், தன் புயலைப் பங்கு போட்டு மகள்களிடம் கொடுத்துவிட்டான் என்று கல்லூரிப் பிள்ளைகளில் ஒருவன் அழகாக எழுதி வந்தான். ஆனால் புயலில் நின்று லியர் சொல்வது வேறு: பூதங்களே, உங்களை நான் குறை சொல்லமாட்டேன், உங்களுக்கு நான் நாடு கொடுக்கவில்லை, பிள்ளைகள் என்று அழைத்ததும் இல்லை. மகள்களும் புயலும் வேறு வேறு என்று அவன் வாயாலேயே வருகிறது. அந்தப் பையன் ஒரு வாரம் யோசித்து, மந்திரத்தை மாற்றிக்கொண்டு வந்தான். அதுதான் சரி. ரசிகனுக்கு எல்லா உரிமையும் உண்டு, ஆனால் வரியைப் படித்த பிறகு.

தொடங்குகிறவர்கள் 'புயல்' நாடகத்தை எடுக்க வேண்டாம். மந்திரவாதி புராஸ்பெரோவுக்கு ஏவல் செய்யும் ஏரியல் காற்று, அடிமை காலிபனைப் புராஸ்பெரோ மண்ணே என்று விளிக்கிறான், எல்லாம் அங்கே செய்து முடித்திருக்கிறது. நகைச்சுவை நாடகங்களில் பழகிவிட்டு 'ஜூலியஸ் சீசர்' பக்கம் வாருங்கள். அதில் சீசரைக் கொன்றவர்களில் ஒருவனான புரூட்டஸ் இறந்துகிடக்கும்போது, அவனைப் பற்றிச் சீசரின் நண்பன் ஆன்டனி, பூதங்கள் அவனிடம் அவ்வளவு சீராகக் கலந்திருந்தன என்கிறான். நான்கும் சமமாக இருப்பவனுக்கு என்ன விலை வைப்பது? எந்தப் பக்கமும் சாயாததால் அவனுக்கு ஆளை எடைபோடத் தெரியாது என்பது தங்கையின் கட்சி. ஆன்டனியையும் கொன்றுவிடலாம், இல்லையென்றால் சீசரின் இறுதிச் சடங்கில் பேசவாவது விடாதே என்று கூட்டாளி காசியஸ் இரண்டு முறை எச்சரித்தும் புரூட்டஸ் கேட்கவில்லையே என்று அதற்குச் சான்று காட்டுகிறாள். தூக்கம்தான் விலை என்பது என் கட்சி. கூடாரத்தில் எல்லோரும் உறங்கும்போது அவன் மட்டும் விழித்திருந்து புத்தகம் படிக்கிறான், நான்காம் அங்கத்தில் இருக்கிறது, பாருங்கள்.