டெஃப் டேங்கை முறையாகக் காலி செய்வது எப்படி?

டெஃப் என்பது டீசல் வண்டியின் புகையைச் சுத்தமாக்கத் தனி டேங்கில் ஊற்றும் யூரியா திரவம். அந்த டேங்கைக் காலி செய்ய வேண்டும் என்று ஒரு லாரி வந்து நின்றால், ஸ்பேனரை எடுப்பதற்கு முன் டிரைவரிடம் நான் கேட்பது ஒன்றுதான்: "உள்ளே என்ன போச்சு?" பழைய டெஃப் கெட்டுப்போனதா, குழாய்த் தண்ணீர் ஊற்றினார்களா, டீசல் கலந்துவிட்டதா? அடுத்து: "அதுக்கப்புறம் வண்டியை ஸ்டார்ட் பண்ணீங்களா?" இந்த இரண்டு பதில்களும் தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. தெரியாமல் போல்ட்டைக் கழற்றினால் டேங்க் காலியாகும், கோளாறு அப்படியே இருக்கும்.

டெஃப்பில் 32.5 சதவீதம் யூரியா, மீதி உப்புகள் நீக்கிய தண்ணீர். சைலன்சர் வழியில் தெளிக்கப்படும்போது இது சூட்டில் அம்மோனியாவாக மாறி, புகையில் உள்ள நைட்ரஜன் ஆக்ஸைடை நைட்ரஜனாகவும் நீராவியாகவும் ஆக்குகிறது. அந்த வேலையைச் செய்யும் கேட்டலிஸ்ட்டுக்கு (வினையூக்கிக்கு) கால்சியம், சோடியம் போன்றவை ஆகவே ஆகாது. அதனால்தான் இந்த வேலை முழுவதும் சுத்தம், சுத்தம் என்றே சொல்லிக்கொண்டிருப்பேன். என்ஜின் ஆயில் மாற்றும் பழக்கத்தில் இதைச் செய்யக் கூடாது.

டீசல் கலந்துவிட்டது என்று சந்தேகம் வந்தால் சாவியையே திருப்பாதீர்கள். வண்டியை ஸ்டார்ட் செய்யாவிட்டாலும், சில வண்டிகளில் இக்னிஷன் ஆன் ஆனதும் டெஃப் பம்ப் ஓடத் தொடங்கிவிடும். அந்தப் பாதையில் இருக்கும் ரப்பர் சீல்கள் பல டீசலைத் தாங்குகிற ரகம் கிடையாது. ஊறி, உப்பி, இடம் பிசகும். டேங்கோடு நின்றிருந்தால் கழுவிச் சரிசெய்துவிடலாம்; பம்ப், பைப், இன்ஜெக்டர் வரை போய்விட்டால் அவற்றை மாற்றுகிற அளவுக்குச் செலவு இழுக்கும். ஏற்கெனவே ஓட்டிவிட்டீர்கள் என்றால் டேங்கை மட்டும் காலி செய்து திருப்திப்படாதீர்கள், முழுப் பாதையையும் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

டீசல் கலப்பைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். சுத்தமான கண்ணாடி டம்ளரில் கொஞ்சம் எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். மேலே வானவில் நிறத்தில் மெல்லிய படலம் மிதந்தால் சந்தேகமே இல்லை. இதற்கென்றே விற்கும் டெஸ்ட் ஸ்ட்ரிப் இருந்தால் இன்னும் நல்லது. திரவத்தில் ஒளி வளைவதை வைத்து அளவு சொல்லும் ரிஃப்ராக்டோமீட்டரில் 31.8 முதல் 33.2 சதவீதம் வரை காட்டினால் யூரியா அளவு சரி என்று அர்த்தம். ஆனால் அந்தக் கருவி அளவை மட்டும்தான் சொல்லும், சுத்தத்தைச் சொல்லாது. அளவு சரியாக இருப்பதால் டெஃப் நல்லது என்று முடிவு கட்டுகிறவர்களோடு எனக்கு எப்போதும் வாக்குவாதம்தான்.

பழைய சரக்கு என்றால் மூக்கே சொல்லிவிடும். மூடியைத் திறந்ததும் அம்மோனியா நெடி மூஞ்சியில் அடிக்கும். 25 டிகிரியில் வைத்திருந்தால் 18 மாதம் வரை நிற்கும் திரவம், 35 டிகிரிச் சூட்டில் 6 மாதம்தான் தாங்கும். நெடி அடிக்கும் டேங்கைக் காற்றோட்டமான இடத்தில் வைத்துத்தான் திறக்க வேண்டும்.

சரி, வேலைக்கு வருவோம். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, டயருக்குக் கட்டை கொடுங்கள். என்ஜினை அணைத்ததும் பேட்டரி சுவிட்சைத் தட்டிவிடாதீர்கள். பைப்புகளில் மிச்சம் இருக்கும் டெஃப்பை பம்ப் டேங்குக்குத் திரும்ப இழுக்கச் சில நிமிடம் ஆகும். அந்தச் சத்தம் நின்ற பிறகுதான் கரன்ட்டைத் துண்டிக்க வேண்டும். கையுறை, கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். அப்புறம் டேங்கின் வெளிப்பக்கத்தைக் கழுவித் துடையுங்கள். மூடியைச் சுற்றி ஒட்டியிருக்கும் மண் ஒரு சிட்டிகை உள்ளே விழுந்தாலும், இவ்வளவு பாடும் வீண்.

பாத்திரத்தில் கவனம் வேண்டும். ஆயில் பிடித்த டிரே, டீசல் கேன், பித்தளைப் புனல், துத்தநாகம் பூசிய பக்கெட் எதுவும் ஆகாது. புதிய பிளாஸ்டிக் அல்லது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் மட்டும். ஒரு லிட்டர் டெஃப் கிட்டத்தட்ட 1.09 கிலோ எடை. 50 லிட்டர் என்றால் 54 கிலோவுக்கு மேல் வரும், அதனால் சின்னச் சின்னக் கேன்களாகப் பிடிப்பதே நல்லது.

டீசல் கலந்த டேங்கில் அடி போல்ட்டை முதலில் திறக்காதீர்கள். டீசல் லேசானது, டெஃப்பின் மேல் மிதக்கும். அடியில் திறந்தால் டெஃப் முதலில் போய், டீசல் இறங்க இறங்க டேங்கின் சுவர் முழுக்கப் பூசிக்கொண்டே வரும். அதற்கு முன் கைப் பம்ப்பை டேங்கின் வாய் வழியாக விட்டு, குழாயின் நுனி மேல்மட்டத்திலேயே இருக்கும்படி பிடித்து, மிதப்பதை உறிஞ்சி எடுங்கள். வண்டி அசையாமல் நின்றிருந்தால் இதிலேயே பெரும்பகுதி வந்துவிடும். வாயால் உறிஞ்சும் பழக்கம் யாருக்காவது இருந்தால் இன்றோடு விட்டுவிடட்டும்.

மற்றபடி, அடியில் டிரெயின் போல்ட் இருந்தால் அதுவே வழி. போல்ட்டைச் சுற்றி வெள்ளையாகக் கல் உப்பு மாதிரி படிந்திருக்கும், அது காய்ந்த யூரியா. ஸ்பேனரால் சுரண்டி எடுத்தால் பிளாஸ்டிக் மரை கெடும். வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த துணியைக் கொஞ்ச நேரம் சுற்றி வையுங்கள், தானாகக் கரைந்து போல்ட் இளகும். மூடியையும் திறந்து வைத்தால்தான் காற்று போய்த் திரவம் சீராக இறங்கும். சில டேங்குகளில் போல்ட்டே இருக்காது. அங்கே கைப் பம்ப்பில் எடுக்க வேண்டும், இல்லையென்றால் மேலே இருக்கும் சென்சார் யூனிட்டைக் கழற்ற வேண்டும். உறையாமல் இருக்க அதன் வழியாகக் கூலன்ட் ஓடும் வண்டிகளும் உண்டு, ஆகவே என்ஜின் ஆறிய பிறகுதான் அந்தப் பைப்பைத் தொட வேண்டும். வயர் இணைக்கும் கப்ளரைக் கழற்றினால் உடனே பிளாஸ்டிக் கவர் கட்டுங்கள். டெஃப் செம்பை அரிக்கும், வயருக்குள் போனால் கோளாறு எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

கழுவுவதற்குக் குழாய்த் தண்ணீர் கூடாது, சோப்பு கூடாது. உப்புகள் நீக்கிய தண்ணீரைச் சில லிட்டர் ஊற்றி, சுவர் முழுக்கப் படும்படி அலசி வெளியேற்றுங்கள். வரும் தண்ணீர் தெளிவாகும் வரை திரும்பச் செய்யுங்கள். உறிஞ்சு குழாயின் நுனியில் இருக்கும் சல்லடையை மறக்காதீர்கள், யூரியாக் கட்டி அங்கேதான் ஒளிந்திருக்கும். கடைசியாக ஒரு லிட்டர், இரண்டு லிட்டர் புது டெஃப் ஊற்றி அதையும் வடித்துவிடுங்கள். அடியில் நிற்கும் தண்ணீர் புது டெஃப்பைக் கலக்கி அளவைக் குறைக்காமல் இருக்கத்தான் இது. இந்த ஒரு லிட்டரை மிச்சம் பிடித்த வண்டிகள் அடுத்த வாரமே தரக்குறைவு எச்சரிக்கையோடு திரும்பி வருவதைப் பார்த்திருக்கிறேன். டீசல் படலம் எத்தனை முறை அலசியும் போகவில்லை என்றால் டேங்கை மாற்றுவதுதான் நியாயம்.

போல்ட்டுக்குப் புது ஓ-ரிங் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) போட்டு, கையால் முடுக்கி, அப்புறம் ஸ்பேனரில் அளவாக இறுக்குங்கள். டெஃப்புக்கான தரக் குறியீடான ஐஎஸ்ஓ 22241 என்று அச்சிட்ட, சீல் உடையாத கேனிலிருந்து நிரப்புங்கள். டெஃப் வாய்க்கு 19 மில்லிமீட்டர் நாசில்தான் நுழையும், அதைவிடப் பருத்த டீசல் நாசில் நுழையாது. தவறு நடப்பதெல்லாம் கேனும் புனலுமாக ஊற்றும்போதுதான். புனலில் "டெஃப்" என்று எழுதி வைத்து வேறெதற்கும் தொடாதீர்கள்.

வடித்ததைச் சாக்கடையிலோ ஆற்றிலோ ஊற்ற வேண்டாம், யூரியா நீர்நிலையில் பாசியை மண்ட வைக்கும். டீசல் கலந்ததைக் கழிவு ஆயில் எடுப்பவர்களிடம் கலப்பு என்று சொல்லியே கொடுங்கள். சிந்திய இடத்தை, குறிப்பாகப் பெயின்ட்டையும் வயரையும், அன்றே தண்ணீர் விட்டுக் கழுவிவிடுங்கள்.

டேஷ்போர்டு எச்சரிக்கை உடனே போகவில்லை என்று பதற வேண்டாம். சில வண்டிகள் கொஞ்ச தூரம் ஓடித் தரத்தைத் தாமே சோதித்த பிறகுதான் அதை அணைக்கும், சிலவற்றுக்கு ஸ்கேனர் மாட்ட வேண்டும். மறுநாள் காலையில் டேங்குக்கு அடியில் டார்ச் அடித்துப் பாருங்கள். போல்ட்டைச் சுற்றி வெள்ளைப் பொடி பூத்திருந்தால் கசிகிறது, ஓ-ரிங்கைத் திரும்பவும் மாற்ற வேண்டும்.